இன்றைக்கு யாருடைய முறை?

வணக்கம் நேயர்களே.

"என் புரோகிராம் வேலை செய்யுதில்ல அண்ணா." இரவு எட்டே முக்காலுக்கு வட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வருகிறது. கூடவே ஒரு படம். கணினித் திரையைச் சாய்த்துப் பிடித்து எடுத்தது. நடுவில் டியூப் லைட் வெளிச்சம், பிழைச்செய்தியோ பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. இதற்கு யார் பதில் சொல்வது, எப்போது சொல்வது, தெரியாவிட்டால் என்ன செய்வது? இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்த பிள்ளைகள் பைத்தன் என்ற நிரல்மொழியைப் படிக்கிறார்கள். பாடசாலை ஆய்வுகூடத்தில் கேட்க நேரம் கிடைக்காத சந்தேகம், பஸ் ஏறி அவர்களோடேயே தோட்டத்து லயத்துக்கு வந்துவிடும். நிரல் எழுதத் தெரிந்த ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு வட்ஸ்அப் குழுவில் அந்தச் சந்தேகங்களைத் தீர்க்கலாம் என்று ஆரம்பிப்பது சுலபம். மூன்றாவது மாதமும் அது நடக்கவேண்டுமே, அங்கேதான் சிக்கல். இப்படிப்பட்ட முயற்சிகள் படுத்துவிடுவது பெரும்பாலும் அறிவு போதாமல் அல்ல, முறை போடாமல்தான். ஒருவரே முதல் மாதம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார். பிறகு அவருக்குப் பரீட்சை வரும், அல்லது கொழும்பில் வேலை கிடைக்கும். மற்றவர்கள் அவர் பார்ப்பார் என்று பழகிப்போய் இருப்பார்கள்.

தேயிலைக் கொழுந்து மலையை ஏழெட்டு நாளில் ஒரு சுற்று எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. கொழுந்து முற்றிவிடும். கேள்வியும் அப்படித்தான். ஒரு இரவு பதில் வராத கேள்வியை அந்தப் பிள்ளை மறுநாள் திரும்பக் கேட்காது. கூட்டாளியின் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விடும்.

ஆறு பேர் இருந்தால் திங்கள் முதல் சனி வரை ஆளுக்கு ஒரு நாள் பதில் முறை வைக்கலாம். ஞாயிறு ஓய்வு. மாலை ஏழு மணி முதல் ஒன்பதரை வரை போதும். முறைக்காரர் எல்லாம் தெரிந்தவராக இருக்கவேண்டும் என்றில்லை. எந்தக் கேள்வியும் இருபது நிமிடத்துக்கு மேல் அநாதையாகக் கிடக்கக்கூடாது, அவருடைய கடமை அவ்வளவுதான். "பார்க்கிறேன்" என்று ஒரு வரி, அல்லது "பிழைச்செய்தியின் கடைசி வரியை அனுப்புங்க", அல்லது "இது எனக்குப் பிடிபடவில்லை, வியாழக்கிழமை அக்காவுக்குத் தரவுத்தளம் நன்றாகத் தெரியும், அவரிடம் சொல்லிவைக்கிறேன்" என்றாலும் சரி.

"பார்க்கிறேன்" என்ற சொல்லுக்கு ஆயுள் அரை மணித்தியாலம். அதற்குள் பதில் வராவிட்டால் யாரும் எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சின்ன விதி இல்லாவிட்டால் இரண்டு கேடு. மூன்று பேர் மூன்று விதமாக ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிப் பிள்ளையைக் குழப்புவார்கள், அல்லது மூன்று பேரும் மற்றவர் பார்ப்பார் என்று தூங்கிவிடுவார்கள்.

முறைக்காரருக்கு ஒரு மாற்றாள் வேண்டும். அவரை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் மலையகத்துக்கே உரிய ஒரு கணக்கு இருக்கிறது. தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தை அடிக்கும். மரம் விழும், கரண்ட் போகும், சிக்னலும் போகும். அந்த நேரத்தில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். டிசம்பரில் வடகீழ் பருவக்காற்று தொடங்கினால் கதை தலைகீழ். ஆகவே மேற்குச் சரிவில் ஒருவர், கிழக்குச் சரிவில் ஒருவர் என்று சோடி சேர்த்தால் ஒரே மழையில் இருவரும் இருட்டில் உட்கார நேராது. ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் மழைதான். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் மூன்றாவது ஆளாக, கொழும்பில் இருப்பவர் ஒருவரைப் பிடித்து வையுங்கள்.

இனிப் பதில் சொல்லும் விதம். ஒரு பிள்ளை இரண்டு பாடங்களின் புள்ளிகளைக் கூட்ட நிரல் எழுதியிருக்கிறது. 45 என்றும் 50 என்றும் கொடுத்தால் 95 வரவேண்டும். 4550 என்று வருகிறது. தெரிந்தவருக்கு ஒரு நொடியில் விளங்கும். இன்புட் என்ற சார்பு எதை வாங்கினாலும் எழுத்துச் சரமாகத்தான் தரும், சரங்களைக் கூட்டினால் ஒன்றோடொன்று ஒட்டும். சரத்தை முழு எண்ணாக்கும் சார்பு இன்ட். "இன்ட் போடு" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடலாம். பிள்ளையும் போடும். அடுத்த வாரம் தசமப் புள்ளியோடு ஓர் எண் வந்து, அதே இன்ட்டில் நிரல் விழுந்ததும் திரும்ப வரும். அதற்குப் பதிலாக, "அந்த மாறியின் வகை என்ன என்று டைப் சார்பைக் கொண்டு அச்சிட்டுப் பாருங்க, என்ன வருகிறது?" என்று கேளுங்கள். எஸ்-டி-ஆர், அதாவது சரம், என்று திரையில் வந்ததும் பாதி விளங்கிவிடும். ஐந்து நிமிடம் கூடுதலாகப் போகும், போகட்டும்.

படமாக வரும் நிரலைத் திருப்பி அனுப்பி, எழுத்தாகக் கேளுங்கள். வட்ஸ்அப்பில் நிரலுக்கு முன்னும் பின்னும் மும்மூன்று பின்சாய்வு மேற்கோள் குறி (`) போட்டால் எழுத்துகள் சம அகலத்தில் வரும், வரித் தொடக்கத்தில் விடும் இடமான உள்தள்ளல் கண்ணுக்குத் தெரியும். போடாவிட்டால் இரண்டு நட்சத்திரக் குறிக்கு நடுவில் நிற்கும் சொல் தடித்து, குறிகள் காணாமல் போகலாம். பெருக்கல் எங்கே போனது என்று நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஃபோனில் தட்டிய நிரலில் இன்னொரு வில்லங்கம், வளைந்த மேற்கோள் குறி. பார்க்க அழகாக இருக்கும், பைத்தன் ஏற்காது. "இன்வலிட் கரக்டர்" என்று ஏசும். உள்தள்ளலில் ஒரு வரிக்கு டேப், அடுத்த வரிக்கு இடைவெளி என்று கலந்தாலும் "டேப் எரர்" வரும். இந்தப் பிழைகளின் பெயரைத் தமிழாக்காதீர்கள். கேள்வி தமிழில் இருக்கட்டும், விளக்கமும் தமிழில் இருக்கட்டும். பிழைச்செய்தி மட்டும் திரையில் வந்தபடியே வரவேண்டும், ஏனென்றால் அதைத்தான் தேடப்போகிறோம்.

ஓட்டிப் பார்க்காத நிரலைப் பதிலாக அனுப்பக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பைத்தன் இரண்டுக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதியோடு முடிந்துவிட்டது, ஆனாலும் பழைய நோட்ஸில் அடைப்புக்குறி இல்லாத பிரின்ட் இன்னும் உலாவுகிறது, பைத்தன் மூன்று அதை ஏற்காது. இப்போது சட்ஜிபிடி வேறு. அது 2022 நவம்பர் கடைசியில் வெளிவந்தது. சில நாட்களிலேயே, நிரல் எழுதுகிறவர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ தளம் அதன் பதில்களை ஒட்டுவதைத் தடைசெய்தது. பார்த்தால் சரிபோல இருக்கும், சரிபார்த்தால் பிழை நிறைய என்பதே காரணம். அதைப் பாவிக்கவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒட்டுகிறவர் தன் கணினியில் ஒரு தடவை ஓட்டிவிட்டு ஒட்டட்டும்.

குழுவின் ஒழுங்கைப் பார்க்கும் காவல் முறை வேறொருவர் கையில் இருக்கவேண்டும். அன்று பதில் சொல்கிறவரே ஆளை நீக்கும் அதிகாரத்தையும் வைத்திருந்தால், விவாதம் சூடாகும்போது கை அந்தப் பொத்தானுக்குத்தான் போகும். டியூஷன் விளம்பரம், பணம் இரட்டிப்பாக்கும் இணைப்பு போன்றவற்றைக் காவல்காரர் கேட்காமலே அழிக்கலாம். ஆளை வெளியேற்றுவதற்கு மட்டும் இரண்டாவது ஒருவரின் சம்மதம் வேண்டும். இரவு பத்துக்கு அட்மின் மட்டும் எழுதலாம் என்று பூட்டிவிடுங்கள், பிள்ளைகளும் தூங்கட்டும்.

வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவர்களின் இலக்கம் எல்லோருக்கும் தெரியும். பெண் பிள்ளைகளின் இலக்கமும்தான். ஆகவே உதவி செய்கிறவர்கள் தனிச் செய்தியில் பதில் சொல்லக்கூடாது என்பதை முதல் நாளே எழுதி ஒட்டுங்கள். தனியாகக் கேட்டால், "பொதுவில கேளுங்க தங்கச்சி, மற்றவங்களுக்கும் உதவும்" என்பதே பதில். இதை மீறுகிற உதவியாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முறைப் பட்டியலில் அவர் பெயர் இருக்கக்கூடாது.

ஒன்பதரைக்கு முறை முடிகிறவர், அடுத்தவருக்கு நாலு வரி எழுதிவைக்கவேண்டும். இப்படி இருந்தால் போதும்:

"செவ்வாய். கேள்வி ஏழு, ஆறு முடிந்தது. மிச்சம் ஒன்று: பொகவந்தலாவைத் தம்பியின் நிரல், கோப்பு கிடைக்கவில்லை என்று பிழை. நிரலும் கோப்பும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று கேட்டேன், இன்னும் பதில் இல்லை. விளம்பரம் ஒன்று அழிக்கப்பட்டது. நாளை இங்கே கரண்ட் வெட்டினால் பண்டாரவளை பார்க்கும்."

நன்றி, வணக்கம்.