பாதரசத்தைப் பற்றிக்கொள்வது

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் அடுப்படிக்குள் நுழைகிறீர்கள். அழுகின முட்டைக்கோசு மாதிரி ஒரு வாடை. "ஐயோ, கேஸ் லீக் ஆகுது" என்று ஜன்னலைத் திறக்க ஓடுகிறீர்கள். நீங்கள் செய்தது முற்றிலும் சரி. ஆனால் உங்கள் மூக்கில் ஏறியது கேஸின் வாடை அல்ல. சிலிண்டருக்குள் இருக்கிற புரோப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் சொல்லும்படியான வாடையே கிடையாது. அவற்றோடு வேண்டுமென்றே துளியளவு சேர்க்கிற எத்தில் மெர்காப்டன்தான் நம்மை உஷார்ப்படுத்துகிறது. காற்றில் நூறு கோடியில் ஓரிரு பங்கு இருந்தாலே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

இன்று நான் பேச வந்தது அந்தப் பெயரைப் பற்றி. மெர்காப்டன். பல வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்கு இதைவிடப் பிடித்த கலைச்சொல் வேறு இல்லை.

பொருள் எளிதுதான். சாராயத்தின் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணு இருக்கிறது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கந்தக அணுவை வையுங்கள். கிடைப்பது எத்தில் மெர்காப்டன். ஓர் அணு மாறினதற்கே இந்த வாடை! 1834-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்து வேதியியலாளர் வில்லியம் சைசே இதைப் பற்றி எழுதினார். பாதரசச் சேர்மத்தைக் கண்டால் இது விடாமல் பிடித்துக்கொள்வதை அவர் பார்த்தார். அதனால் லத்தீன் மொழியில் 'மெர்க்கூரியம் காப்டன்ஸ்' என்றார். பாதரசத்தைப் பற்றிக்கொள்வது என்று அர்த்தம். அதுதான் சுருங்கி மெர்காப்டன் ஆயிற்று.

கந்தகத்துக்கும் பாதரசத்துக்கும் உள்ள இந்த உறவு நமக்குப் புதிதல்ல. சித்த மருந்து செய்கிறவர்கள் இரண்டையும் கல்வத்தில் போட்டு அரைப்பார்கள். பளபளவென்று ஓடுகிற பாதரசம் கரும்பொடியாக அடங்கிவிடும். எங்கள் ஆய்வகத்தில் வெப்பமானி உடைந்து, பாதரசம் மணிமணியாக மேசைக்கு அடியில் ஓடும். மாணவர்கள் கையால் பிடிக்கப் போவார்கள். "தொடாதே, கந்தகப் பொடியை எடுத்துவா" என்பேன். தூவிவிட்டு, "இப்போது மெர்காப்டன் என்றால் என்னவென்று சொல்" என்று கேட்பேன். அன்று கேட்டவன் பிறகு மறந்ததில்லை.

இப்போது பாடநூல்களில் தயோல் என்கிறார்கள். கிரேக்க மொழியில் கந்தகத்துக்கு 'தெயோன்' என்று பெயர். அதோடு ஆல்கஹாலின் 'ஓல்' சேர்ந்தது. முறையான பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் தயோல் என்பது அதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறது. மெர்காப்டன் என்பது அது என்ன செய்யும் என்று சொல்கிறது. திரும்பவும் சொல்கிறேன்: என்ன செய்யும் என்று சொல்கிறது. மாணவனுக்கு இரண்டு பெயரும் வேண்டும்.

இந்த வாடையின் அருமை தெரிய வேண்டுமானால் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போக வேண்டும். நியூ லண்டன் என்ற ஊர். 1937 மார்ச் 18. எண்ணெய்க் கிணறுகளால் செழித்த ஊர், பெரிய பள்ளிக்கூடம். செலவைக் குறைக்க, எண்ணெய் வயலில் மிச்சமாகிற இயற்கை வாயுவைக் குழாயில் எடுத்துப் பள்ளியைச் சூடாக்கினார்கள். அந்த வாயு கசிந்து, கட்டடத்தின் அடித்தளத்தில் தேங்கியது. வாடை இல்லையே, யாருக்குத் தெரியும்? பிற்பகல் மூன்று மணி தாண்டியிருந்தது. தொழிற்பயிற்சி ஆசிரியர் மரம் தேய்க்கிற மின் இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார். ஒரு பொறி. அவ்வளவுதான். ஏறத்தாழ முந்நூறு பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். சில வாரங்களுக்குள் வாயுவில் வாடை சேர்க்க வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டம் போட்டது.

தாய்மார்களே, ஆகவே அந்த நாற்றத்தைக் கோபிக்காதீர்கள். வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவைத் திறங்கள், வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். இன்னொன்று: அந்த வாடையிலேயே நின்றுகொண்டிருந்தால் மூக்கு பழகிப்போகும். வாடை குறைந்ததுபோலத் தோன்றும், கேஸ் குறைந்திருக்காது.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். பாதரசம் உடம்புக்குள் போய் நஞ்சாவதும் இந்தப் பிடியால்தான், நம் புரதங்களில் இருக்கிற கந்தகத்தைப் பற்றிக்கொள்கிறது. பாதரசக் கழிவால் ஜப்பானின் மினமாட்டா ஊருக்கு நேர்ந்த துயரத்தை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், முடியவில்லை. அந்தப் பிடியைத் தளர்த்துகிற மருந்தின் பெயர் டைமெர்காப்ரால். பெயரைக் கேளுங்கள், உள்ளே மெர்காப் இருக்கிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குத் தருகிற மெர்காப்டோபியூரினிலும் இருக்கிறது. ரத்தக் கொதிப்புக்கான கேப்டோபிரில் மாத்திரையிலும் ஒரு கந்தகம் இருக்கிறது. அது பற்றிக்கொள்வது பாதரசத்தை அல்ல, நம் உடம்பில் ரத்த அழுத்தத்தைக் கூட்டுகிற நொதியில் உள்ள துத்தநாகத்தை. நன்றி, வணக்கம்.