முன்னேர் போன வழி

(நூலக வார விழாவையொட்டி, மேலூர் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் வட்டாட்சியர் அம்மா அவர்களே, வரவேற்புரையிலேயே பாதிக் கூட்டத்தை நிமிர்ந்து உட்கார வைத்துவிட்ட தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இடமில்லாத கட்டடத்தில் இத்தனை பேருக்கும் இடம் கண்டுபிடித்த நூலகர் அவர்களே, பந்தலும் நாற்காலியும் கொடுத்த வணிகப் பெருமக்களே, ஊராட்சிப் பிரதிநிதிகளே, மழை மிரட்டியும் வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசை மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் போட்ட துண்டை அப்படியே நம் நூலகரின் தோளுக்கு மாற்றுகிறேன். அது சேர வேண்டிய தோள் அதுதான்.

‘மாறும் காலமும் நாமும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வேலை மாறுகிறது, படிப்பு மாறுகிறது, நமக்கு வயதாகிறது, மண்ணும் மழையும் மாறுகின்றன. இந்த நான்கைப் பற்றியும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ‘முன்னேர் போன வழியே பின்னேர்’ என்பார்கள் நம் பெரியவர்கள். நான்குக்கும் இந்த ஒரு பழமொழி போதும் என்பது என் கட்சி.

முதலில் வேலை. என் வயதுக்காரர்கள் மதுரை மில் சங்கு கேட்டு நேரம் சொன்னவர்கள். ஹார்வி மில்லிலோ மீனாட்சி மில்லிலோ ஒருவருக்கு வேலை என்றால் அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். இன்றைக்குப் பிள்ளைகள் பொறியியல் முடித்துவிட்டு முதுகில் பெட்டியை மாட்டிக்கொண்டு பைக்கில் சாப்பாடு கொண்டு போகிறார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். படித்த படிப்புக்கும் செய்கிற வேலைக்கும் நடுவே அறுந்து கிடக்கும் கயிற்றைத்தான் கேட்கிறேன். அதை யார் முடிச்சுப் போடுவது?

இதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம்தான், கேளுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகை. விடாத மழை. எங்கள் ஊர்க் கண்மாய், மிகுந்த தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கலுங்கின் மட்டத்துக்கு வந்துவிட்டது. மீன் குத்தகை எடுத்தவர், மீன் வெளியே போய்விடக் கூடாதென்று கலுங்கில் வலையைக் கட்டி மணல் மூட்டையும் அடுக்கியிருக்கிறார். ஊரில் யாருக்கும் தெரியாது. கண்மாயைக் காவல் பார்த்து, மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற நீர்பாய்ச்சித் தாத்தா ஒருவர் இருந்தார். எண்பதை நெருங்கிய வயது. இருட்டின பிறகு கம்பை ஊன்றிக்கொண்டு கரையின் வெளிப்பக்கமாக நடந்திருக்கிறார். மடைக்குப் பக்கத்தில், கரையடியில், நண்டு வளை அளவுக்கு ஒரு கசிவு.

அன்றைக்கு லீவில் வந்திருந்தான் அவர் பேரன். நான் சொன்னேனே, பெட்டி மாட்டி ஓடுகிற பிள்ளை, சிவில் படித்தவன். தாத்தா கையில் தண்ணீரை ஏந்தி, “டார்ச்சை அடிடா தம்பி” என்றார். “கசிவு தெளிஞ்சு வந்தா வீட்டுக்குப் போய்ப் படு. கலங்கி வந்தா கரை மண்ணும் கூட வருதுன்னு அர்த்தம்.” பையன் தண்ணீர் பாட்டிலில் பிடித்து செல்போன் வெளிச்சத்தில் காட்டினான். அடியில் செம்மண் இறங்கியது. அவன் முகம் மாறிவிட்டது. “தாத்தா, இதைப் பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேன். இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

கோயில் மைக்கில் கூப்பிட்டதும் ஊரே வந்துவிட்டது. ஆளுக்கொரு களிமண் கூடை. “அடைக்காதீங்க!” என்று தாத்தா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. “இங்க அடைச்சா வேற இடத்துல பிச்சுக்கும். தண்ணிய விடு, மண்ணப் பிடி.” முதலில் மணல், அதன்மேல் ஜல்லி, அதற்கும் மேல் கல். எது முதலில், எது அடுத்து என்று தாத்தா சொல்ல, ஏன் அப்படி என்று பேரன் விளக்க, இளவட்டங்கள் சுமந்து போட்டார்கள். இன்னொரு கூட்டம் போய்க் கலுங்கில் இருந்த மூட்டைகளைப் பிரித்தது. விடியும்போது கசிவு இருந்தது, கலக்கம் இல்லை.

மறுநாள் குத்தகைக்காரர் வந்து, போன மீனுக்கு நஷ்டஈடு கேட்டார்! ஒரு அப்பத்தா எழுந்து, “கரை உடைஞ்சிருந்தா உன் மீனு எங்க வீட்டு அடுப்படியில துள்ளியிருக்கும், அங்க வந்து கேட்டிருப்பியா?” என்றார். அதோடு பஞ்சாயத்து முடிந்தது.

முன்னேர் போன வழியே பின்னேர். அந்த ராத்திரியில் முன்னேர் தாத்தா, பின்னேர் பேரன். அந்தத் தாத்தா இன்று இல்லை. அவருக்குப் பிறகு எங்கள் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியும் இல்லை. அறுவடையில் களத்துமேட்டில் நெல் அளந்து கொடுத்த வழக்கம் நின்றது, ஆளும் போய்விட்டார்.

மேலூர்ப் பக்கம் ஒருபோகப் பாசனம், வருஷத்துக்கு ஒரே விளைச்சல். 1895 முதல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பியிருக்கிறோம். அந்தத் தண்ணீர் வந்து நிற்பதும் கண்மாயில்தான். நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளவை பொதுப்பணித் துறையின் வழியாக நீர்வளத் துறைக்கு வந்தவை, குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. காகிதத்தில் எல்லாக் கண்மாய்க்கும் பொறுப்பாளர் உண்டு. ராத்திரி பத்து மணிக்குக் கரையில் நடக்க ஆள் உண்டா? மதுரையில் உலகநேரிக் கண்மாய் இருந்த இடத்தில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை நடக்கிறது. நீதிமன்றம் வேண்டும்தான், எனக்கும் வேண்டும். ஆனால் ஒரு கண்மாய் போனால் அதற்கு மேல்மடைத் தண்ணீர் எங்கே போகும் என்று அன்றைக்கு எந்த நீர்பாய்ச்சியிடமாவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முடியுமா என்று கேட்பவர்களுக்கு அரிட்டாபட்டியைக் காட்டுகிறேன். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். மலையும் சுனையும் கண்மாயுமாக இருக்கிற அந்தப் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கம் என்று ஏலம் விட்டார்கள். ஊர் ஊராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். 2024 டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் யார்? கிழவிகளும் கிழவர்களும்தானே! வயதானவர்களைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டதாக நினைத்தோம், அவர்கள் மலையைக் காத்துக் கொடுத்தார்கள்.

அதனால் வட்டாட்சியர் அம்மாவிடம், இந்த மேடையிலேயே, உரிமையோடு இரண்டு வேண்டுகோள். கண்மாய்க்கு ஒரு நீர்பாய்ச்சி வேண்டும், மாதச் சம்பளத்தோடு. கூடவே படித்த பிள்ளை ஒருவன் உதவியாளராக, அவனுக்கும் சம்பளத்தோடு. அப்புறம், பள்ளிப் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், கண்மாய்க் கரையில் முழுச் சுற்று நடக்க வையுங்கள். மடை எது, கலுங்கு எது, வரத்துக்கால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று ஊர்ப் பெரியவர் சொல்லட்டும், பிள்ளைகள் வரைபடம் போடட்டும். அந்த வரைபடத்தை இந்த நூலகத்தில் வைக்க நூலகர் அலமாரி ஒதுக்குவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். முன்னேர் போன வழி காகிதத்திலாவது இருந்தால்தானே பின்னேர் போக முடியும்?

படிப்பைப் பற்றியும் முதியோர் ஓய்வூதியத்தைப் பற்றியும் பேச இருந்தேன். அடுத்துப் பட்டிமன்றம் காத்திருக்கிறது, நடுவர் ஐயா கடிகாரம் பார்க்கிறார். ஒன்றே ஒன்று. ஜனவரி 26 கிராம சபை வருகிறது. இந்த இரண்டு வேண்டுகோளையும் எழுதிய தீர்மானத்தின் நகல் வாசலில், செய்தித்தாள் மேசையில் வைத்திருக்கிறேன். உங்கள் ஊர்ப் பெயரையும் கண்மாய்ப் பெயரையும் நிரப்பி, ஆளுக்கொன்று எடுத்துப் போங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாக்களுக்கு ரேகை மை இருக்கிறது, மாணவச் செல்வங்கள் கூட இருந்து படித்துக் காட்டுவார்கள். நன்றி, வணக்கம்.