படுக்கையிலிருந்து வந்த கடிதங்கள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். கிறிஸ்தவ வாழ்க்கையில் பாடுகளைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இதைக் கேட்கிறவர்களில் சிலர் இப்போது படுத்த படுக்கையாக, தலைமாட்டில் ரேடியோவை வைத்துக்கொண்டு இருக்கலாம். உங்களை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் களக்காட்டுப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் டோனாவூர் என்ற கிராமம் இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்து 1895-இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் வாழ்ந்த ஊர். 1901-இல், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அப்புறம் ஒவ்வொன்றாக வந்த பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் பெருகினார்கள். எல்லாருக்கும் அவர் ‘அம்மா’.

1931-இல் ஒரு நாள், ஊழியத்துக்காக எடுத்திருந்த வீடு ஒன்றைப் பார்க்கக் களக்காட்டுக்குப் போனார். அங்கே தோண்டிப்போட்டிருந்த குழியில் தவறி விழுந்து கால் முறிந்தது. அப்போது வயது 63. சீக்கிரம் எழுந்து நடமாடிவிடுவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள், அதற்காகவே ஜெபித்தார்கள். அது நடக்கவில்லை. 1951 ஜனவரியில் கண்மூடும்வரை, ஏறக்குறைய 20 வருடம், பெரும்பாலும் ஒரே அறைக்குள் முடிந்துபோனது. நடுவில் 1948-இல் மறுபடியும் விழுந்தார். அதற்குப்பின் அசைவதே கஷ்டமாகிவிட்டது.

அவரைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் இந்த 20 வருடத்தை ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறார்கள். பிள்ளைகளைக் காப்பாற்றிய கதையைத்தான் எல்லாருக்கும் சொல்லத் தெரியும். எனக்கோ அந்தப் படுக்கைதான் பெரிதாகத் தெரிகிறது.

அங்கே கிடந்தபடி அவர் கவனித்த ஒரு விஷயம் உண்டு. நோயாளிகளுக்கு ஆறுதலாக எழுதப்படுகிறவை பெரும்பாலும் சுகமாக இருக்கிறவர்கள் எழுதியவை. படிக்க நன்றாக இருக்கும், ஆனால் வலியில் கிடக்கிறவருக்குள் இறங்காது. அதனால் தன் வலி ஆறும்வரை காத்திராமல், வலியோடே மற்ற நோயாளிகளுக்குக் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். நோயாளி நோயாளிக்கு எழுதிய கடிதங்கள் அவை. வலியை நல்லது என்று அவர் சொல்லவில்லை. சுகம் வேண்டும் என்று கேட்பதைத் தப்பென்றும் சொல்லவில்லை.

நம் சபைகளில் ‘பாடுபட்டால் பக்குவம் வரும்’ என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. பாடுபட்டுக் கசந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெறும் வலி யாரையும் பரிசுத்தமாக்கிவிடாது. தன் வலியோடு ஆண்டவரிடம் போய் முறையிட்டு அழுது, அப்புறம் பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறவரையும் திரும்பிப் பார்க்கிற கண் ஒருவருக்குக் கிடைக்கிறதே, அதைத்தான் நான் பக்குவம் என்கிறேன். அது வர நாளாகும்.

இதை நான் கற்றுக்கொண்டது என் மாமியாரிடம். எங்கள் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பதினோரு மாதம் படுக்கையில் இருந்தார்கள். முதல் வாரமே சபையிலிருந்து பெரியவர் ஒருவர் வந்தார். நல்ல மனுஷர்தான். கட்டில் பக்கத்தில் நின்றபடியே, “கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனைச் சிட்சிக்கிறார்” என்று, ஆண்டவர் தண்டித்துத் திருத்துவதைப் பற்றிய வசனத்தைச் சொல்லி, ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். அன்று ராத்திரி அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் என்னம்மா பாவம் பண்ணினேன்?” என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாளிலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் வேதம் வாசிக்கவே விடவில்லை.

அப்புறம் ஒரு நாள் பக்கத்துத் தெரு அக்கா வந்தார்கள். புற்றுநோய்க்கு வைத்தியம் முடித்து, அப்போதுதான் தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. வந்தவர்கள் ஒரு வார்த்தைகூட உபதேசம் பண்ணவில்லை. அத்தையின் கால் நகங்களைப் பார்த்தார்கள். நீளமாக வளர்ந்து, பெருவிரல் நகம் சதைக்குள் மடங்கியிருந்தது. கூடவே இருந்த நான் அதைக் கவனித்திருக்கவில்லை. அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெந்நீர் கேட்டு வாங்கி, காலை நனைத்து ஊறவைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, அரைமணி நேரம் பொறுமையாக ஒவ்வொரு நகமாக வெட்டிவிட்டார்கள். போகும்போது, “பெரியம்மா, 88-ஆம் சங்கீதம் வாசிக்கவா? ஆஸ்பத்திரியில் எனக்கு அதுதான் துணை” என்று கேட்டார்கள்.

சங்கீதங்கள் என்பவை வேதத்திலுள்ள ஜெபப் பாட்டுகள். அவற்றில் 88-ஆம் சங்கீதத்தை நோயாளி வீட்டில் யாரும் வாசிப்பதில்லை. 23, 91, 121 என்றுதான் வாசிப்போம். ஏனென்றால் 88 முழுக்க முறையீடு. ‘என் ஆத்துமாவை ஏன் தள்ளிவிடுகிறீர்’ என்று கேட்கிறது. ஆறுதலான ஒரு வரி இல்லாமலே முடிந்தும்விடுகிறது. அதைக் கேட்டுத்தான் எங்கள் அத்தை மூன்று மாதத்தில் முதல்முறையாக வாய்விட்டு அழுதார்கள். இப்படிக்கூட ஆண்டவரிடம் பேசலாமா என்று கேட்டார்கள். பேசலாம் என்று வேதத்திலேயே எழுதியிருக்கிறதே!

ரோமாபுரியிலிருந்த விசுவாசிகளுக்கு எழுதிய கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல், உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது என்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள். ‘பரீட்சை’ என்றதும் எனக்கு முழுப்பரீட்சையும் மார்க்கும்தான் ஞாபகம் வரும். பலரும் அப்படித்தான், ஆண்டவர் நமக்கு மார்க் போட வினாத்தாள் கொடுக்கிறார் என்று நினைத்துவிடுகிறோம். பவுல் சொல்வது சோதித்துப் பார்த்து மெய்யென்று தெளிந்த தன்மையை. பொற்கொல்லர் நகையை உரைகல்லில் உரசி மாற்றுப் பார்க்கிறாரே, அந்த மாதிரி. உரசுவது பொன்னைத் தோற்கடிக்க அல்ல. பவுல் போட்டிருக்கிற வரிசையையும் பாருங்கள். உபத்திரவத்துக்கும் நம்பிக்கைக்கும் நடுவில் இரண்டு படி இருக்கிறது. முதல் வாரமே கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு நாம் அந்த இரண்டையும் தாண்டச் சொல்கிறோம்.

எங்கள் அத்தை தாண்டவில்லை, மெதுவாகத்தான் ஏறினார்கள். ஆறாம் மாதம் வாக்கில் பேரனின் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். பார்க்க வருகிறவர்களிடம், “உங்க வீட்டில் யாருக்கு என்ன?” என்று விசாரித்துப் பேரை எழுதிக்கொள்வார்கள். விடிகாலை வலியில் தூக்கம் கலையும்போது அந்த நோட்டை எடுத்து வைத்து ஜெபிப்பார்கள். வலி குறையவே இல்லை. எழுத்து மாதாமாதம் கோணலாகிக்கொண்டே போனது.

டோனாவூர் அம்மையார் தன் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, அவரை அழைத்த அந்த ஒரே சொல்லை மட்டும் அதில் பொறித்திருக்கிறார்கள். எங்கள் அத்தைக்கு மிஞ்சியது அந்த நோட்டு. அடக்கம் முடிந்து சில நாள் கழித்துத்தான் அதைப் பிரித்துப் பார்த்தேன். முதல் வாரம் வந்து வசனம் சொல்லிவிட்டுப் போன அந்தப் பெரியவரின் பேர், ஐந்தாறு பக்கங்களில் திரும்பத் திரும்ப எழுதியிருந்தது.

அவரும் இப்போது படுக்கையில்தான் இருக்கிறார். வருகிற சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன். வசனம் எதுவும் யோசித்து வைக்கவில்லை. நகவெட்டியையும் தேங்காய் எண்ணெயையும் பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.