அட்டிட்டல் காணாதே போதியோ

நேயர்களுக்கு வணக்கம்.

மயிலாப்பூரின் சாப்பாடு, பானம், பாட்டு, திருவிழா இவற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் என்னை அழைத்தார்கள். எங்கே தொடங்குவது என்று நான் யோசிக்கவில்லை. ஏழாம் நூற்றாண்டிலேயே ஒருவர் இதைப் பற்றிப் பாடிவிட்டார். அவர் தொடங்கிய இடத்திலேயே நானும் தொடங்குகிறேன்.

மயிலாப்பூரில் சிவநேசர் என்றொரு வணிகர். அவருடைய மகள் பூம்பாவை, பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு தீண்டி இறந்துவிட்டாள். எரித்த சாம்பலையும் எலும்பையும் ஒரு குடத்தில் இட்டு வைத்துக்கொண்டு, திருஞானசம்பந்தர் என்றாவது இந்த ஊருக்கு வருவார் என்று அந்தத் தகப்பனார் காத்திருந்தார். சம்பந்தரும் வந்தார். குடத்தை முன்னால் வைத்துப் பதிகம் பாடினார். குடம் உடைந்து பெண் எழுந்து வந்தாள் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. கேட்டவர்கள் பலர் இருப்பீர்கள்.

அந்தப் பதிகத்தில் என்ன இருக்கிறது என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன். இறந்துபோன ஒரு பெண்ணை அழைக்கும்போது எதைச் சொல்லி அழைப்பது? விண்ணுலகப் பெருமை எதையும் சம்பந்தர் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. உன் ஊரில் இன்ன திருவிழா நடக்கிறது, அதைப் பார்க்காமலே போய்விடுவாயா என்று கேட்கிறார். பாட்டுக்குப் பாட்டு இதே கேள்விதான். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஒரு குடியிருப்பின் ஆண்டு முழுவதையும் அவள் முன்னால் விரித்து வைக்கிறார்.

முதல் பாட்டில் எதை வைத்தார் தெரியுமா? "அட்டிட்டல் காணாதே போதியோ பூம்பாவாய்." அடுதல் என்றால் சமைத்தல். இடுதல் என்றால் படைத்தல். அடியார் கூட்டத்துக்குச் சமைத்துப் போடுகிறார்களே, அதைக்கூடப் பார்க்காமல் போகிறாயா அம்மா என்று கேட்கிறார். விளக்கும் தேரும் பாட்டும் இருக்கட்டும், முதலில் சோறு. இரண்டாம் பாட்டில் ஐப்பசி ஓணத்தன்று அருந்தவர்கள் துய்ப்பது. ஐந்தாம் பாட்டில் தைப்பூசத்துக்கு "நெய்ப்பூசும் ஒண்புழுக்கல்", அதாவது நெய் மினுங்கும் வெண்சோறு. ஏழாம் பாட்டில்தான் பங்குனி உத்திரம் வருகிறது. அதற்கு அவர் இட்ட பெயர் "ஒலிவிழா".

சோறும் ஒலியும். மயிலாப்பூரை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

அன்றைய கபாலீசுவரர் கோயில் அலை வந்து மோதும் கடற்கரையில் இருந்தது. அது போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்த பிறகு, இப்போதைய இடத்தில் கோயில் எழுந்தது என்பதே வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. கோயில் இடம் மாறியிருக்கிறது. அட்டிட்டல் மட்டும் இன்றுவரை நின்றுபோகவில்லை. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவர் திருவுலா அன்று மாடவீதிக்கு வந்தால் அதைக் கண்ணால் பார்க்கலாம்.

நான் திருமணமாகி இந்த ஊருக்கு வந்து நாற்பத்தோரு ஆண்டுகள் ஆகின்றன. என் மாமியார் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த வேலை அறுபத்துமூவருக்கு நீர்மோர் கரைப்பது. முதல் நாள் இரவே பால் வாங்கி உறை ஊற்றிவிட வேண்டும். மறுநாள் தயிர் அதிகம் புளிப்பதற்கு முன் கடைந்து, ஒன்றுக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டு, இஞ்சியையும் பச்சைமிளகாயையும் தட்டிப் போட வேண்டும். அரைக்கக் கூடாது, அரைத்தால் தொண்டையில் காரம் நிற்கும் என்பார் அவர். கறிவேப்பிலையைக் கையால் கிள்ளிப் போட வேண்டும். பெருங்காயம் கரைத்த நீர், உப்பு, மேலே கடுகு தாளித்துக் கொட்டினால் முடிந்தது. மண்பானையின் அடியில் ஈரமணல் பரப்பி வைத்தால், பங்குனி வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் மோர் சில்லென்று இருக்கும். ஐஸ் கட்டி போட்டால் முதல் வாய்க்கு இதம், பிறகு தாகம் கூடும் என்பது அவருடைய தீர்மானமான கருத்து. நானும் இன்றுவரை போட்டதில்லை.

அன்று நான்கு மாடவீதிகளிலும் சுற்றுத் தெருக்களிலும் இப்படி எத்தனையோ வீடுகள், எத்தனையோ கடைகள். ஒரு வாசலில் வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் மணக்கும் பானகம். அடுத்த வாசலில் தொன்னையில் புளியோதரை. வேன் ஒன்றில் தயிர்சாத அண்டாவை ஏற்றிக்கொண்டு வேறொரு பேட்டையிலிருந்து வருகிற குடும்பம். ஆட்டோ ஓட்டும் தம்பிகள் கைக்காசு சேர்த்துக் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுப்பார்கள். எதுவும் சமைக்க இயலாதவர்கள் பிஸ்கட் பொட்டலமோ, குழந்தைகளுக்குப் பென்சிலோ, பனை விசிறியோ வாங்கி வந்து கொடுப்பார்கள். கொடுப்பவர் பெயரை யாரும் கேட்பதில்லை. வாங்குபவர் யார், எந்த ஊர் என்றும் கேட்பதில்லை. வரிசையில் என் பக்கத்தில் நின்று பொங்கல் வாங்கியவரை அரை மணி நேரம் கழித்து வேறொரு பந்தலில் கரண்டியும் கையுமாகப் பார்த்திருக்கிறேன். அதுதான் எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த காட்சி.

அன்று காலையில் சம்பந்தர் திருவுருவம் குளக்கரைக்கு எழுந்தருளும். கூடவே சிவநேசரும் பூம்பாவையும். ஓதுவார் அந்தப் பதிகத்தைச் சீகாமரப் பண்ணில் பாட, பூம்பாவை எழுந்த நிகழ்ச்சி நடத்திக்காட்டப்படுகிறது. பிற்பகலில் அறுபத்துமூன்று நாயன்மார்களும் பல்லக்குகளில் வரிசையாக வருவார்கள். எண்ணெய் விற்பவர், துணி வெளுப்பவர், மீன் பிடிப்பவர், அரசர், வேடர், பானை வனைபவர் என்று எல்லாத் தொழிலாரும் அந்த வரிசையில் உண்டு. நம் தெருவில் நடந்து போகிறவர்களை அப்படியே செப்புத் திருமேனியாக்கிப் பல்லக்கில் வைத்தாற்போல் இருக்கும். அக்கம்பக்கத்துக் கோயில்களிலிருந்தும் தெய்வங்கள் வந்து கலந்துகொள்ளும். எங்கள் ஊர்த் திருவள்ளுவரும் வாசுகியோடு வருவார்.

இனி ஒலிக்கு வருகிறேன். இதைப் பற்றிச் சற்று ஆசையாகவே பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் இரவு ரிஷப வாகனம். ஊர் உறங்கத் தொடங்கும் நேரத்தில் கபாலி வெள்ளி ரிஷபத்தில் ஏறிப் புறப்படுகிறார். கோபுர வாசல் தாண்டும்போது நாகசுரத்தில் மல்லாரி எழும். மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாட்டுவரி, கிடையாது. கம்பீரநாட்டை ராகத்தில், தாளக் கணக்கு ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழல, தவில் அதைத் தாங்கிப் பிடிக்க, சுவாமி ஒவ்வோர் அடியாக முன்னால் வருவார். ஸ்ரீபாதம் தாங்கிகள் அந்த நடைக்கு ஏற்றபடி தோளை அசைத்து நடப்பார்கள். கண்ணுக்கு நடனம், காதுக்கு இசை. இரண்டும் ஒரே தாளத்தில் நடக்கும். பிறகு ஒவ்வொரு வீதியாகப் போகும்போது ராக ஆலாபனை. ஒரு தோடியை வடக்கு மாடவீதி முழுக்க வாசித்தவர்களை நான் கேட்டிருக்கிறேன். வீதி முடிந்தும் ராகம் முடியவில்லை.

மல்லாரியிலேயே பல வகை உண்டு. தேருக்குத் தேர் மல்லாரி. தீர்த்தம் கொண்டுவரும்போது தீர்த்த மல்லாரி. மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் புறப்படும்போது தளிகை மல்லாரி. சோறு வருவதற்கென்றே ஓர் இசை வடிவத்தை நம் முன்னோர்கள் செய்து வைத்திருக்கிறார்கள் என்று முதன்முதலில் ஒரு தவில் வித்துவான் எனக்கு விளக்கியபோது, சம்பந்தரின் முதல் பாட்டுத்தான் நினைவுக்கு வந்தது. அட்டிட்டலும் ஒலிவிழாவும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

நாகசுரம் திறந்தவெளிக்கென்று பிறந்த வாத்தியம். ஆச்சா மரத்தில் கடைந்த அந்தக் குழலுக்கு ஒலிபெருக்கி தேவையே இல்லை. ஆனால் மார்கழி வந்தால் எங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மயிலாப்பூரிலும் அதைச் சுற்றியும் இருக்கிற சபாக்களில் காலை முதல் இரவு வரை கச்சேரி. 1927ஆம் ஆண்டு சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டிய இசை விழாவிலிருந்து பிறந்தது மியூசிக் அகாடமி. எங்கள் பேட்டையின் ரசிக ரஞ்சனி சபாவும் ஏறக்குறைய அந்தத் தலைமுறையைச் சேர்ந்ததே. அவை செய்த தொண்டு பெரிது. எனக்கு இசை கேட்கக் கற்றுத் தந்தவை அவைதாம். ஆனாலும் அந்தப் பட்டியல்களில் நாகசுரத்துக்குப் பெரும்பாலும் தொடக்க நாள் மங்கல இசைதான் கிடைக்கிறது. விளக்கேற்றும்போது வாசிக்கிறார்கள், பிரமுகர்கள் வந்து அமர்ந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். இரவு முழுவதும் வீதியில் நின்று வாசிக்கும் கலைஞருக்கு அரங்கில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து வாசிக்க இடம் வேண்டும் என்று நான் கேட்கிறேன். இதைச் சபா நடத்துகிறவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து யோசியுங்கள்.

மார்கழிச் சபாக்களில் சோறு மட்டும் விட்டுப்போகவில்லை. கேண்டீன் வாழையிலையில் சாப்பிடுவதற்கென்றே வருகிறவர்கள் உண்டு. அவர்களைச் சிலர் குறைவாகப் பேசுவார்கள். நான் பேசமாட்டேன். அடையும் அவியலும் சாப்பிட வந்தவர், கதவு திறந்திருந்ததால் உள்ளே போய் ஒரு காம்போதியில் உட்கார்ந்துவிட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுத்த ஆண்டு அவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்.

திருவிழா இல்லாத நாளிலும் இந்த ஊர் பசியோடு விடாது. கிழக்கு மாடவீதியில் காளத்தி கடையின் ரோஸ் மில்க். பத்திரிகைகள் தொங்கும் அந்தச் சிறிய கடையின் முன்னால் நின்றபடியே குடித்துவிட்டு நகர வேண்டும். பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஒரு வீட்டு ஜன்னல் வழியாகவே பஜ்ஜியும் இட்லியும் கொடுக்கும் கடை. பெயரே ஜன்னல் கடைதான். கச்சேரி சாலையில் டப்பா செட்டி கடைக்குப் போனால் தீபாவளி மருந்துக்கான சரக்கு ஒன்றுவிடாமல் கிடைக்கும். நவராத்திரிக்கு முன்னால் வடக்கு மாடவீதியின் நடைபாதையில் கொலு பொம்மைகள் குவிந்துவிடும். தைப் பொங்கலை ஒட்டி அதே வீதியில் கோலப்போட்டி நடக்கும். தாரில் அரிசிமாவு இழை பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது குனிந்து போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது மெட்ரோ ரயில் பணிக்காக லஸ் பக்கம் தடுப்புகளும் மாற்றுப்பாதைகளுமாக இருக்கின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். ஆகவே அறுபத்துமூவருக்கு வருகிறவர்கள் சற்று முன்னதாகவே புறப்பட்டு, கடைசிக் கொஞ்ச தூரத்தை நடந்தே வாருங்கள். முதியவர்களும் குழந்தைகளும் நெரிசலில் தேர்முட்டிப் பக்கம் நிற்காமல் உள்தெருக்களின் முனைகளில் நின்றால் நிழலும் கிடைக்கும், பல்லக்குகளும் நன்றாகத் தெரியும்.

அன்னமிடுகிறவர்களிடமும் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. சில ஆண்டுகளாகப் பார்க்கிறேன், ஒரே தெருவில் பத்துப் பேர் அதே தக்காளிச் சாதத்தைக் கொடுக்கிறார்கள். ஒரு வாய் உண்டுவிட்டு மீதியை ஓரத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்துப் பந்தல்காரரிடம் முன்கூட்டியே பேசி, நீங்கள் சாதமா, அப்படியானால் நான் சுண்டல் என்று பங்கிட்டுக்கொள்ளுங்கள். தொன்னையை நிரப்பிக் கொடுக்காதீர்கள், பாதி போட்டு, வேண்டுமென்றால் மறுபடி வரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கோப்பையைத் தொடவே தொடாதீர்கள். எங்கள் பந்தலில் எவர்சில்வர் டம்ளர்தான். கழுவுவதற்கு என் பேரனும் அவனுடைய நண்பர்களும் வாளியோடு உட்கார்ந்திருப்பார்கள். வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவருகிறவர்களுக்கு வரிசையில் முதலிடம் என்பது அவர்கள் வைத்த சட்டம்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், பல்லக்குகள் கோயிலுக்குத் திரும்பிய பிறகு நடப்பதைப் பார்த்திருப்பதுதான். நள்ளிரவில் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் துடைப்பமும் தள்ளுவண்டியுமாக மாடவீதிக்குள் வருவார்கள். கணுக்கால் அளவுக்கு இலையும் தட்டும் கோப்பையும் கிடக்கும். பெரும்பாலும் பெண்கள். நாங்கள் எல்லாரும் கும்பிட்டு, உண்டு, பாட்டுக் கேட்டு உறங்கப் போகும் நேரத்தில் அவர்களுக்கு வேலை தொடங்குகிறது. பொழுது விடிந்து பால்காரர் வரும்போது, நேற்று இங்கே திருவிழா நடந்ததா என்று கேட்கும்படி வீதி இருக்கும்.

என் மாமியார் காலத்திலிருந்தே ஐந்து பானை நீர்மோரில் ஐந்தாவதை மாலையில் திறப்பதில்லை. கூட்டம் எவ்வளவு கேட்டாலும், மோர் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவோம். அது பொய்தான். அந்தப் பானையை ஈரத்துணி சுற்றித் திண்ணையில் வைத்துவிட்டு, துடைப்பச் சத்தம் தெருமுனையில் கேட்கும்வரை நானும் விழித்திருப்பேன்.