தோத்தா லாபம்: என்.பி.ஏ.-வால டேங்கிங்கை ஏன் ஒழிக்க முடியல?

[திரை: 2023 ஏப்ரல் 7, டல்லாஸ் – சிகாகோ ஸ்கோர்போர்டு]

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.-ல டல்லாஸ் மேவரிக்ஸுக்கு அந்த சீசன்ல பாக்கி இருந்தது ரெண்டே மேட்ச். ரெண்டையும் ஜெயிச்சு, மேல இருக்கிற டீமும் சறுக்கினா, பிளே-இன் சுற்றுக்குள்ள, அதாவது கோப்பைக்கான பிளேஆஃபோட கடைசி இடங்களுக்குப் போட்டி போடுற சுற்றுக்குள்ள, போயிடலாம். அப்படிப்பட்ட ராத்திரியில கைரி இர்விங்குக்கு ஓய்வு. லூகா டான்சிச் முதல் குவார்ட்டர் ஆடினார், ரெண்டாவது குவார்ட்டர் ஆரம்பிச்ச கையோட பெஞ்சுக்கு வந்தார், அப்புறம் உள்ளே போகவே இல்லை. சிகாகோ 115, டல்லாஸ் 112. நல்ல புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கிற வாய்ப்புக்காக வேணும்னே தோக்கிற இதுக்குத்தான் டேங்கிங்னு பேர்.

லீக் விசாரிச்சு 7,50,000 டாலர் அபராதம் போட்டது. பெரிய தொகைதான். இப்ப எதிர்ப்பக்கக் கணக்கைப் பாருங்க. 2019-ல நியூயார்க் நிக்ஸோட பண்ணின டிரேடுல, டல்லாஸ் தன்னோட முதல் சுற்று டிராஃப்ட் பிக் ஒண்ணைக் கொடுக்க ஒத்துக்கிட்டிருந்தது. டிராஃப்ட்ங்கிறது வருஷா வருஷம் புது ஆட்டக்காரங்களை டீம்கள் வரிசையா தேர்ந்தெடுக்கிறது, பிக்ங்கிறது அந்த வரிசையில ஒரு இடம். மோசமா ஆடின டீமுக்கு முன்னாடி இடம். நிபந்தனை: அது முதல் பத்துக்குள்ள வந்தா டல்லாஸே வச்சுக்கலாம், பதினொண்ணுக்குப் போனா நிக்ஸுக்கு. தோத்ததால பத்தாவது இடம் கிடைச்சது, பிக் கையிலேயே நின்னுச்சு. டிராஃப்ட் அன்னைக்கு அதை ஓக்லஹோமா சிட்டிக்குக் கொடுத்து பன்னிரண்டாவது பிக்கை வாங்கினாங்க. அதே டிரேடுல 1.7 கோடி டாலர் சம்பளம் வாங்கின டேவிஸ் பெர்டான்ஸையும் தள்ளிவிட்டாங்க. அந்தப் பன்னிரண்டுல வந்தவர் டெரெக் லைவ்லி. அடுத்த வருஷமே டல்லாஸ் ஃபைனல்ஸ் ஆடினப்போ ரிங்குக்குக் கீழே நின்ன சென்டர்கள்ல ஒருத்தர் அவர்.

அபராதம் போட்டா பயப்படுவாங்கன்னு நினைக்கிறவங்க இந்த ஒரு மேட்ச்சுக்குப் பதில் சொல்லியாகணும்.

[திரை: யார் தோக்கிறாங்க?]

ஆட்டக்காரங்க வேணும்னு தோக்கிறது கிடையாது. அவங்களுக்கு அடுத்த ஒப்பந்தம் இருக்கு, அதுக்கு இன்னைக்கு எடுக்கிற பாயின்ட்தான் சாட்சி. வேலை நடக்கிறது மேனேஜ்மென்ட் அறையில. பிப்ரவரி டிரேட் கெடுவுக்கு முன்னாடி அனுபவசாலிகளை வித்துடுவாங்க. இருக்கிற ஸ்டாருக்கு 'முட்டி வலி'ன்னு பட்டியல்ல பேர் வரும். 82 மேட்ச் ஆடறவனுக்கு எங்கயாவது வலி இருக்கத்தான் செய்யும், அதனால பொய்யின்னு நிரூபிக்கிறது கஷ்டம். அந்த இடத்துல பத்து நாள் ஒப்பந்தத்துல வந்த பையன் முப்பது நிமிஷம் ஆடுவான், உயிரைக் கொடுத்து ஆடுவான். டீம் தோத்துடும். கோர்ட்டுல இருக்கிற யாரும் ஏமாத்தல, மேட்ச் மட்டும் ஏற்கெனவே முடிவாகியிருக்கும்.

வேற விளையாட்டைவிட கூடைப்பந்துல இது ஏன் அதிகம்? கோர்ட்டுல அஞ்சே பேர். நல்ல ஸ்டார் 48 நிமிஷத்துல 35 நிமிஷம் ஆடிடுவார். ஒரு ஆள் டீமோட விதியை மாத்த முடியும். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 59 மேட்ச் ஜெயிச்ச டீம். 1996-97-ல டேவிட் ராபின்சன் காயத்துல போனதும் 20 வெற்றி, 62 தோல்வி. அந்த ஒரு மோசமான வருஷத்துக்குக் கிடைச்ச பரிசு டிம் டன்கன், 1999-ல முதல் கோப்பை. இன்னொண்ணு, புது ஆட்டக்காரருக்கு முதல் நாலு வருஷ சம்பளம் விதிப்படி நிர்ணயம். அவர் சூப்பர் ஸ்டாரா ஆனாலும் அதே அளவுதான். டீமுக்கு அதைவிட மலிவான சரக்கு சந்தையில கிடையாது.

[திரை: 1984 – 1994]

டிராஃப்ட் வரிசையைக் குலுக்கி முடிவு பண்ற லாட்டரி வந்த கதையை வேகமா சொல்லிடலாம். 1984 வரைக்கும் கிழக்கு, மேற்குல கடைசியா வந்த ரெண்டு டீமுக்கு நடுவுல முதல் பிக்குக்கு நாணயம் சுண்டுவாங்க. அந்த வருஷம் ஹியூஸ்டன் ராக்கெட்ஸ் வேணும்னே தோத்ததுன்னு சந்தேகம் கிளம்பிச்சு. சுண்டலும் அவங்களுக்கே விழ, ஹகீம் ஒலாஜுவான் வந்தார். உடனே 1985-ல லாட்டரி: பிளேஆஃப் போகாத ஏழு டீமுக்கும் சம வாய்ப்பு. அது மோசமான டீமுக்கு அநியாயம்னு 1990-ல மோசமா ஆடினவங்களுக்கு அதிக வாய்ப்புன்னு எடை வச்சாங்க. 1993-ல 41-41 எடுத்த ஒர்லாண்டோ, 66-ல ஒரே ஒரு வாய்ப்பை வச்சுக்கிட்டு முதல் பிக்கை அடிச்சது. அது ரொம்ப அதிகம்னு 1994-ல கடைசி டீமுக்கு 25 சதவீதம். முந்தின வருஷ அவமானத்துக்கு மருந்து தேடித்தேடியே விதி எழுதியிருக்காங்க.

[திரை: பந்து இயந்திரம், நெருக்கக் காட்சி]

குலுக்கல் எப்படி நடக்குதுன்னு பார்க்கணும். இயந்திரத்துக்குள்ள 1 முதல் 14 வரை எண் போட்ட பிங் பாங் பந்துகள். 20 வினாடி சுழலவிட்டு முதல் பந்து, அப்புறம் பத்துப் பத்து வினாடிக்கு ஒண்ணா இன்னும் மூணு. வரிசை முக்கியமில்லை, நாலு எண்ணோட சேர்க்கைதான் கணக்கு. 14-ல நாலு எடுத்தா மொத்தம் 1001 சேர்க்கை. ஆயிரத்தை டீம்களுக்குப் பிரிச்சுக் கொடுப்பாங்க. 11, 12, 13, 14 மட்டும் யாருக்கும் சொந்தமில்லை, அது வந்தா மறுபடி குலுக்கணும். டி.வி.ல நாம பார்க்கிறது உறை பிரிக்கிற நாடகம் மட்டும்தான், நிஜக் குலுக்கல் தனி அறையில முன்னாடியே முடிஞ்சிருக்கும்.

அப்போ டேங்கிங்ங்கிறது ஆயிரத்துல உங்க பங்கைக் கூட்டுற வேலை. ஒரு தோல்வி எத்தனை சேர்க்கையைக் கொண்டுவரும்? கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்.

இதை வெளிப்படையா பண்ணினது பிலடெல்ஃபியா. சாம் ஹிங்கி நிர்வாகத்துல 2013-14-ல 19 வெற்றி, அடுத்து 18, அதுக்கடுத்து 10. 2014 அக்டோபர்ல லாட்டரி முறையை மாத்த டீம்கள்கிட்ட ஓட்டு எடுத்தாங்க, 17-13. பெரும்பான்மை இருந்தும் தேவையான 23 வரல. நாளைக்கு நமக்கும் இந்த வழி வேண்டியிருக்கும்னு சின்ன ஊர் டீம்கள் பயந்தது. கடைசியில மாற்றம் 2017-ல நிறைவேறி, 2019 டிராஃப்ட்ல அமலுக்கு வந்தது.

[திரை: பழைய முறை, 2019 முறை, பக்கத்துல பக்கத்துல]

பழைய முறையில கடைசி மூணு டீமுக்கு 250, 199, 156 சேர்க்கை. 2019 முறையில மூணுக்கும் தலா 140. நாலாவது மோசமான டீமுக்கு 125, அப்புறம் 105, 90, 75, 60ன்னு இறங்கிக்கிட்டே போய் பதினாலாவதுக்கு 5. குலுக்கி எடுக்கிறதும் மூணு இடத்துக்குப் பதிலா நாலு இடம். அதனால கடைசி டீம் அஞ்சாவது பிக் வரைக்கும் சரியலாம். சரியறதுக்கு வாய்ப்பு 47.9 சதவீதம், கிட்டத்தட்ட பாதி. டெட்ராய்ட் 2023-லயும் 2024-லயும் கடைசி, ரெண்டு தடவையும் அஞ்சாவது பிக். 2025-ல யூட்டாவுக்கும் அதே.

அடிமட்டத்துல பந்தயம் தணிஞ்சது நிஜம். முழுசா நிக்கல. கடைசி டீம் அஞ்சுக்குக் கீழே போகாது, மூணாவது மோசமான டீம் ஏழு வரைக்கும் போகலாம். அந்தப் பாதுகாப்புக்காகவும் தோக்கிறாங்க.

பெரிய பக்கவிளைவு நடுவுல. எட்டாவது மோசமான டீமுக்கு 28-ஆ இருந்தது 60 ஆச்சு. முதல் நாலு பிக்ல ஒண்ணு கிடைக்க கால் பங்குக்கு மேல வாய்ப்பு. முன்னாடி டேங்கிங்கைப் பத்தி யோசிக்காத டீம்கூட பிப்ரவரியில கால்குலேட்டரை எடுக்கும். அதோட, பரிசு போகிற இடமும் விநோதம். 2024-ல அட்லாண்டா 3 சதவீதத்துல முதல் பிக். 2025-ல, டான்சிச்சையே டிரேட் பண்ணின டல்லாஸுக்கு 1.8 சதவீதத்துல முதல் பிக், வந்தவர் கூப்பர் ஃபிளாக். நடு டீம்களை எதிர்ப்பக்கம் இழுக்கிறது பிளே-இன் சுற்றுதான்: ஒன்பது, பத்தாம் இடத்துக்கும் உயிர் இருக்கு. எங்க பார்வையில லீக் பண்ணினதுல உருப்படியானது அது.

ஸ்டார்களைத் தக்க காரணமில்லாம உட்கார வைக்கக் கூடாதுன்னு 2023-ல வந்த ஆட்டக்காரர் பங்கேற்பு விதியில ஓட்டை பெருசு. அதுல 'ஸ்டார்'ன்னா கடந்த மூணு சீசன்ல ஆல்-ஸ்டார் மேட்ச்சுக்கோ, சீசனோட சிறந்த ஆட்டக்காரர் பட்டியலான ஆல்-என்.பி.ஏ.-வுக்கோ தேர்வானவர். லாரி மார்க்கனன் 2023 ஆல்-ஸ்டார், அதனால அவரை உட்கார வச்சதுக்கு 2025-ல யூட்டாவுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. அப்படி யாருமே இல்லாத டீமை இந்த விதி தொடவே தொடாது. டேங்கிங்குக்காகவே கலைச்ச டீம்கள்ல பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டாங்க.

[திரை: செங்குத்துப் படி]

மலிவான திருத்தம் ஒண்ணு இருக்கு. டல்லாஸ் மாதிரி கேஸ்ல லாட்டரி சதவீதம் பிரச்சினையே இல்லை, பிரச்சினை டிரேட் பிக்ல போடுற நிபந்தனை. 2012-ல கோல்டன் ஸ்டேட் ஏழுக்குள்ள வந்தா பிக் தனக்கு, இல்லைன்னா யூட்டாவுக்குங்கிற நிலை. சீசன் கடைசியில தோத்துத் தோத்து டொராண்டோவோட சமநிலைக்கு வந்து, நாணயச் சுண்டல்ல ஜெயிச்சு, ஏழாவது பிக்ல ஹாரிசன் பார்ன்ஸை எடுத்தாங்க. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல இப்படி ஒரு செங்குத்துப் படி இருந்தா யாரா இருந்தாலும் தோப்பாங்க. நிபந்தனையே கூடாது, இல்லைன்னா முதல் நாலுக்கு மட்டும்னு விதி வச்சா படி மறைஞ்சிடும். அந்த நாலு இடத்தை முடிவு பண்றது பந்து, ஒரு கூடுதல் தோல்வி சில சதவீதத்தை மட்டும்தான் நகர்த்தும்.

மத்த யோசனைகள்ல, பெண்களோட டபிள்யூ.என்.பி.ஏ. ரெண்டு வருஷ ரெக்கார்டைக் கூட்டி லாட்டரி வைக்குது. ஒரு சீசனைப் பலி கொடுக்கிறவங்களுக்கு அது தடை, மூணு சீசனைக் கொடுத்த பிலடெல்ஃபியா மாதிரி ஆளுக்குத் தடையில்லை. பாஸ்டன் நிர்வாகத்துல இருந்த மைக் ஸாரன் சொன்னது 30 வருஷச் சக்கரம்: எல்லா டீமும் எல்லா இடத்தையும் ஒரு தடவை சுத்தி வரும். தோல்விக்கும் பிக்குக்கும் சம்பந்தமே அறுந்துடும். ஆனா அடுத்த வருஷம் எந்த டீமுக்கு முதல் பிக்னு தெரிஞ்சா, காலேஜ் ஸ்டார் ஒரு வருஷம் காத்திருந்து ஊரைத் தேர்ந்தெடுப்பான்.

சுவாரசியமானது 'கோல்ட் பிளான்'. பிளேஆஃப் வாய்ப்பு போன நாள்லேர்ந்து எடுக்கிற வெற்றிகளை வச்சு டிராஃப்ட் வரிசை. மோசமான டீம் சீக்கிரம் வெளியேறும், அதனால அதுக்கு ஜெயிக்க மேட்ச் அதிகம். பெண்கள் ஐஸ் ஹாக்கி லீக்கான பி.டபிள்யூ.எச்.எல். 2024-ல முதல் சீசன்லயே இதைப் பயன்படுத்தினது. அட்டவணையில கடைசியா வந்த நியூயார்க்கே முதல் பிக்கை எடுத்தது, கடைசி வாரங்கள்ல ஜெயிச்சு.

என்.பி.ஏ.-ல இதை அப்படியே தூக்கி வைக்க முடியாது. பிளே-இன் வந்ததால கிழக்கு, மேற்குன்னு ஒவ்வொரு பக்கத்துலயும் 15-க்கு 10 டீம் கடைசி வரைக்கும் உயிரோட இருக்கும், வெளியேறும் நாள் தள்ளிப்போகும், எண்ணுறதுக்கு மேட்ச் மிஞ்சாது. எல்லாருக்கும் மார்ச் 1-லேர்ந்து எண்ணலாம்னா, மோசமான டீமுக்கு இருந்த கூடுதல் மேட்ச் போயிடும். பிப்ரவரியிலேயே சரக்கை வித்துட்ட டீம், மார்ச்ல யாரை வச்சு ஜெயிக்கும்?