சேற்றுக்குள் இரண்டு மூச்சு

நேயர்களுக்கு வணக்கம். விவரம் புரியாதவனை ‘மட்டி’ என்று திட்டுவது நம் வழக்கம். இரண்டு ஓடுகளுக்குள் வாழும் சிப்பி வகையான கடல் மட்டிக்குத் தலையே கிடையாது என்பது உண்மைதான். ஆனாலும் அந்தத் திட்டு அதற்குப் பொருந்தாது.

சிறுவயதில் முத்துப்பேட்டைக் காயலில் முழங்கால் தண்ணீரில் நின்று, கால்விரலால் சேற்றைத் துழாவி மட்டி எடுத்திருக்கிறேன். அதே சேற்றில் நாலு முழம் தள்ளித் தட்டையான திருக்கை மீனும் படுத்திருக்கும். புதைந்து கிடக்கிற பிராணி எப்படி மூச்சு விடும்? இரண்டுக்கும் அதுதான் பிரச்சினை.

திருக்கைக்கு வாய் வயிற்றுப் பக்கம். அதன் வழியே தண்ணீரை இழுத்தால் செவுளில் சேறு அடைத்துவிடும். அதனால் முதுகுப் பக்கம், கண்ணுக்குப் பின்னால் உள்ள இரண்டு துளைகளால் இழுத்து, அடியில் இருக்கும் செவுள் பிளவுகளால் வெளியே விடுகிறது. மீன் கடையில் புரட்டிப் போட்ட திருக்கையைப் பாருங்கள், சிரித்த முகமாகத் தெரியும். கண் என்று நாம் நினைப்பது அதன் மூக்குத் துளை!

மட்டியோ இரண்டு குழாய்களை மேலே நீட்டுகிறது. ஒன்றில் தண்ணீர் உள்ளே, மற்றொன்றில் வெளியே. இடையிலுள்ள செவுள் மூச்சையும் பார்த்துக்கொள்கிறது, நுண்ணுயிர்களை வடிகட்டி இரையும் சேர்க்கிறது. அதன் கீல் வில் மாதிரி, ஓடுகளை எப்போதும் திறக்கப் பார்க்கும். தசைதான் இழுத்து மூடுகிறது. செத்தால் தசை தளர்ந்து ஓடு பிளந்துகொள்ளும். சமைக்கும் முன்பே வாய் பிளந்து, தட்டினாலும் மூடாத மட்டியை எறிந்துவிடுங்கள்.

உறவு முறையில் இரண்டும் வெகு தூரம். எலும்பில்லாமல் குருத்தெலும்பு மட்டுமே உள்ள திருக்கை சுறாவுக்குச் சொந்தம்; முள்வால் திருக்கை குட்டி போடும். மட்டிக்கு நத்தையும் கணவாயும்தான் பங்காளிகள்.

ஆனால் திருக்கைக்கு மட்டி சாப்பாடு. கண் மேலே இருப்பதால் வாய்க்கு அடியில் கிடப்பது தெரியாது. புதைந்திருக்கும் உயிரின் உடலிலிருந்து கசியும் மிக மெல்லிய மின்சாரத்தை முகத்தடியிலுள்ள நுண்துளைகளால் உணர்ந்து, தோண்டி எடுத்து, தட்டையான பற்களால் ஓட்டோடு நொறுக்கிவிடும்.

காயலில் இறங்குகிறவர்கள் காலைத் தூக்கி வைக்காமல் சேற்றோடு தேய்த்து நடங்கள். அதிர்வு தெரிந்து திருக்கை விலகிவிடும். மிதித்தால்தான் வால் முள்ளால் குத்தும். குத்திவிட்டால், தோல் வெந்துவிடாத அளவுக்குப் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருங்கள், வலி குறையும். அப்படியே ஆஸ்பத்திரிக்கும் போய்விடுங்கள். முள் துண்டு உள்ளேயே ஒடிந்திருக்கலாம்.