மூடுபனி வீட்டில் இருண்ட ஓவியங்கள்: நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

ஹட்டனுக்கு அருகில் வசிக்கும் சகோதரி ஒருவர் அனுப்பிய கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தாலியக் கவிஞர் தாந்தே பாடிய நரகப் பயணத்துக்குப் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே வரைந்த படங்களையும், அமெரிக்க எழுத்தாளர் எட்கர் அலன் போவின் திகில் கதைகளுக்கு அயர்லாந்து ஓவியர் ஹரி கிளார்க் வரைந்த படங்களையும் அச்சிட்டு முன்னறையில் மாட்ட அவர் விரும்புகிறார். ஆனால், அடிக்கடி மூடுபனி சூழும் வீட்டில் இவை இருளை இன்னும் கூட்டிவிடுமோ என்று தயங்குகிறார். மாமியாரோ "பேய்ப்படம் வீட்டுக்கு ஆகாது" என்கிறாராம்.

மாமியாரின் பேச்சை நான் தள்ளிவிட மாட்டேன். சாமிப் படத்துக்கு எதிரிலும் பிள்ளைகள் உறங்கும் அறையிலும் இவற்றை மாட்ட வேண்டாம். ஆங்கில ஓவியர் ஓப்ரி பியர்ட்ஸ்லி, ஒஸ்கார் வைல்டின் 'சலோமி' நாடகத்தின் 1894ஆம் ஆண்டுப் பதிப்புக்கு வரைந்த படங்களுள், வெட்டுண்ட தலையைக் கையில் ஏந்தி நாயகி சலோமி உற்று நோக்கும் படம், கோட்டின் அழகில் எனக்கு ஈடிணையற்றதாகத் தோன்றினாலும், சாப்பாட்டு மேசைக்கு எதிரே இருக்க வேண்டியதன்று. அதே வேளை, நெற்றிக்கண் திறந்து மன்மதன் எரிவதையும் ரதி புலம்புவதையும் நமது தோட்டங்களில் காமன் கூத்தாக ஆடுகிறோம், பிள்ளைகளையும் மடியில் இருத்திக்கொண்டே பார்க்கிறோம் என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். கதை தெரிந்திருப்பதால் அங்கே எவரும் அஞ்சி எழுந்து போவதில்லை. ஆகவே, படத்தைச் சுவரில் ஏற்றுவதற்கு முன் அதன் கதையை அவரிடம் ஆறுதலாகச் சொல்லுங்கள்.

இருள் கூடுமா என்பதே முக்கியமான கேள்வி. அதற்கு, படம் எப்படி உருவானது என்று தெரிந்திருக்க வேண்டும். டோரேயின் படங்கள் மர அச்சுச் செதுக்குகள். அவர் கட்டையின் மீது வரைய, தேர்ந்த செதுக்குநர்கள் அதைக் குடைந்தார்கள். குடைந்த இடத்தில் மை பிடிக்காது, அது வெள்ளையாகவே நிற்கும். மையில் சாம்பல் நிறமே கிடையாது. நெருங்கிய மெல்லிய கோடுகள்தான் தூரத்திலிருந்து சாம்பலாகத் தெரிகின்றன. 1861இல் வெளிவந்த நரகப் பகுதியின் தொடக்கப் படத்தைப் பாருங்கள்: முறுக்கேறிய வேர்களும் அடர்ந்த மரங்களும் சூழ்ந்த காட்டில் தாந்தே தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து நிற்கிறார். காடு எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் அதனுள் வெள்ளைக் கோடுகள் இழையோடுவதால், மங்கிய வெளிச்சத்திலும் படம் மூச்சுவிடுகிறது.

கிளார்க்கின் வழி வேறு. போவின் கதைகளுக்கு 1919இல் வெளிவந்த அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களில் மை பெரும்பரப்புகளாகத் திட்டுத்திட்டாக நிற்கிறது. அவற்றைப் பெரிதாக்கி மாட்டினால் முன்னறையின் வெளிச்சத்தை விழுங்கிவிடும். சிறிய அளவில் அச்சிட்டு, சுற்றிலும் அகலமான வெள்ளை மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றிப் பிரேமுக்குள் வைக்கும் ஓர அட்டை) வைத்தால் அழகாக அமையும். உங்கள் வீட்டுக்கு முதற்படமாக நான் தெரிவுசெய்வது, ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் முதிய மாலுமி பற்றிய கவிதைக்கு டோரே வரைந்த படங்களுள் ஒன்றைத்தான். கடலும் பனிக்கட்டியும் திறந்த வானும் அவற்றில் நிறைந்திருப்பதால், அச்சம் குறையாமலே வெளிச்சமும் இருக்கிறது.

அச்சிடும்போது கோப்பின் அளவைக் கவனியுங்கள். ஏ3 தாளுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். சின்னக் கோப்பை இழுத்துப் பெரிதாக்கினால் டோரேயின் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி அழுக்குச் சாம்பலாகிவிடும். விக்கிமீடியா கொமன்ஸ் என்ற இலவசப் படத் தளத்தில் பெரிய கோப்புகள் கிடைக்கின்றன. பளபளக்கும் போட்டோத் தாள் வேண்டாம், ஜன்னல் அதில் அப்படியே தெரியும். சாதாரண இங்க்ஜெட் மை ஈரத்தில் கசியக்கூடியது; கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படங்களுக்கு லேசர் அச்சு இங்கே பாதுகாப்பானது.

உண்மையில் மலையகத்தில் இந்தப் படங்களுக்குப் பகை இருளன்று, ஈரமே. தென்மேற்கு மழைக்காலத்தில் வெளிச்சுவர் குளிர்ந்து வியர்க்கும். அதில் பிரேமை ஒட்டி மாட்டினால், பின்புற ஹார்ட்போர்ட் ஈரம் உறிஞ்சி, ஓரத்தில் பழுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் ஏறும். எனவே இரு அறைகளுக்கு இடையிலுள்ள உட்சுவரில் மாட்டுங்கள். பிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் அதற்கும் நடுவே காற்றோட்டம் இருக்கும். கண்ணாடி நேரடியாகத் தாளைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது மை உரிந்துவரும். மவுண்ட் அட்டை அழகுக்கு மட்டுமல்ல, இந்த இடைவெளிக்காகவும்தான். ஜன்னலுக்கு நேரெதிரே மாட்டாமல் பக்கவாட்டுச் சுவரில் மாட்டினால் கண்ணாடியில் பிரதிபலிப்பும் குறையும்.

பதிப்புரிமை பற்றியும் கேட்டிருந்தீர்கள். நமது இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படைப்பாளியின் ஆயுளுக்குப் பின் 70 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். டோரே 1883இலும் பியர்ட்ஸ்லி 1898இலும் கிளார்க் 1931இலும் காலமானவர்கள். ஆகவே அவர்களுடைய மூலப்படங்களை நீங்கள் தயக்கமின்றி அச்சிடலாம். இக்காலத்தவர் யாரேனும் அவற்றுக்குப் புதிதாக வண்ணம் தீட்டி விற்கும் பிரதியாக இருந்தால் மட்டும் அவரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.